மெலித்தோன் பாலத்துக்குப் பூசிய சிமெண்ட்

எங்கள் ஊர்ப் பாலத்துக்கு இரண்டு முகம். வடக்கு முகம் வெயிலைப் பார்த்தது. எங்கள் பெரு நாட்டு மலையில் ஜூன்தான் நடுக்குளிர்காலம்; அந்த உறைபனியிலும் பொழுது கொஞ்சம் ஏறியதும் அந்தப் பக்கத்துக் கல் கதகதப்பாகிவிடும், பல்லிகள் வந்து ஒட்டிக்கொள்ளும். தெற்கு முகத்துக்கு ஆகஸ்ட் முடியும் வரை வெயில் என்றால் என்னவென்றே தெரியாது. எங்கள் முப்பாட்டன்மாரை அடித்து வேலை வாங்கி, சுண்ணாம்பும் கல்லுமாக ஸ்பானியர்கள் கட்டிய பாலம் அது. கட்டிய கொத்தன் பெயர் எவருக்கும் தெரியாது. கெடுத்தவர் பெயரைக் கேளுங்கள், ஊரில் யாரும் சொல்வார்கள்: மெலித்தோன் வில்கா. பாவி மனுஷன், கெடுக்கவா நினைத்தார்?

யானாமாயு ஆற்றுக்கு இக்கரையில் அவர் வீடு. அக்கரை மேட்டில் உருளைக்கிழங்கு வயல், கொஞ்சம் ஆடு, கறவை மாடு, உழவுக்கு ஒரு ஜோடி எருது. மனைவி சாத்துர்னினா. ஒரே மகள் தொமாசா. மெலித்தோன் வாயை அதிகம் திறக்கமாட்டார், திறந்தால் ஒரு முடிவோடுதான் திறப்பார். அந்த முடிவிலிருந்து அவரை நகர்த்துவதைவிடக் கோவேறு கழுதையைக் கூரைமேல் ஏற்றுவது சுலபம் என்று அவர் மாமனாரே சொல்லுவார். மகளிடம் மட்டும் அந்தப் பிடிவாதம் செல்லாது. அவள் ஒரு சிரிப்புச் சிரித்தால் மனுஷன் வெண்ணெயாக உருகிவிடுவார்.

பால் லாரி அக்கரை ரோட்டில் விடிந்ததும் வந்து நிற்கும். தொமாசா தினமும் பால்குடத்தை முதுகில் கட்டிக்கொண்டு பாலத்தைக் கடந்து போவாள். குளிர்மாதங்களில் ஆற்றிலிருந்து எழும் ஆவி பாலத்துக் கூழாங்கல் தளத்தில் படிந்து, விடியும்போது கண்ணாடியாக உறைந்திருக்கும். எங்களுக்கு அது புதிதல்ல. கால் விரலை ஊன்றி மெதுவாக நடப்போம், திட்டிக்கொண்டே நடப்போம். ஒரு ஜூன் காலையில் லாரி முன்னதாகவே ஹாரன் அடித்தது. தொமாசா ஓடினாள். பாலத்தின் நடுவில் கால் வழுக்கியது, கைப்பிடிச் சுவர் முழங்கால் உயரம்தான், முதுகில் இருந்த குடத்தின் கனம் அவளை அப்படியே வெளியே தள்ளிவிட்டது. வறட்சிக் காலம், ஆற்றில் தண்ணீர் முழங்கால் அளவுகூட இல்லை, பாறைதான் இருந்தது. அவளுக்குக் கல்யாணம் பேசி முடித்திருந்தார்கள்.

அதற்குப் பிறகு மெலித்தோனைப் பார்க்க யாருக்கும் மனம் தாங்காது. வயலில் மண்வெட்டியை ஊன்றியபடி நின்றுகொண்டே இருப்பார். சாப்பிட உட்கார்ந்தால் அழுவார். சத்தமில்லாத அழுகை. கண் பாட்டுக்கு வழிந்துகொண்டிருக்கும், கை பாட்டுக்குச் சூப்பைக் கலக்கிக்கொண்டிருக்கும். சாத்துர்னினா எழுந்து போய் அடுப்பை ஊதுவாள்.

அவருக்குச் சிலுவைத் திருவிழா முறை வந்தது அந்தத் துக்கத்தின் நடுவில்தான். எங்கள் ஊரில் மே மாதச் சிலுவைத் திருவிழாவை வருஷத்துக்கு ஒரு குடும்பம் தலைமேல் போட்டுக்கொண்டு நடத்த வேண்டும். பேண்டு வாத்தியம், விருந்து, வாணவேடிக்கை எல்லாம் அவர்கள் செலவு. கையில் இருப்பதெல்லாம் கரைந்துபோகும், ஆனால் பெயர் நிற்கும். முறை எடுத்தவர் விரும்பினால் விருந்துக்குப் பதில் ஊருக்கு ஒரு பொருளாகவும் கொடுக்கலாம். ஒருவர் கோயில் மணி கொடுத்திருக்கிறார், ஒருவர் பள்ளிக்கூடத்துக்குத் தகரக் கூரை கொடுத்திருக்கிறார். அப்படிக் கொடுத்ததைக் கொடுத்தவர் உயிரோடு இருக்கும்வரை வேறு எவரும் தொடக்கூடாது. மாற்றுவதானாலும் எடுப்பதானாலும் அவர் கைதான் முதலில் விழ வேண்டும். பெரு நாட்டில் ஆயிரம் சட்டம் இருக்கட்டும், எங்கள் மலையில் இதை மீறியவர் கிடையாது.

மெலித்தோன் எருது ஜோடியை விற்றார். அந்தப் பணம் முழுக்கச் சிமெண்டாக லாரியில் வந்து இறங்கியது.

"இனிமே இந்தப் பாலத்துல எந்தப் பிள்ளையும் வழுக்கக்கூடாது" என்றார். சொல்லிவிட்டு முதல் மூட்டையைத் தோளில் ஏற்றினார்.

ஊரே கூடி வேலை செய்தது. பேண்டு இல்லாத திருவிழாவா என்று முனகிய ஓரிரு பேர்கூட மணல் சுமந்தார்கள். கூழாங்கல் தளத்தின்மேல் சிமெண்டை ஊற்றி, துடைப்பத்தால் கீறிக் கால் பிடிப்பு வைத்தார்கள். கைப்பிடிச் சுவரை உயர்த்தினார்கள். பக்கச் சுவர்களில் கல்லுக்கும் கல்லுக்கும் இடையே சிமெண்டைத் திணித்தார்கள். பாலத்தின் இரு புறமும் மிருக முகம் செதுக்கிய கல்தூம்புகள் இருந்தன. மழைக்காலத்தில் குடித்ததைப் பாலம் மே, ஜூன் வரைக்கும் அவை வழியாகச் சொட்டிக்கொண்டிருக்கும், சொட்டுவது உறைந்து பனிக்கூராகத் தொங்கும். மெலித்தோனுக்கு உறைபனி கண்ணில் படவே கூடாது. தூம்புகளின் வாயைத் தன் கையாலேயே சிமெண்ட் உருண்டை வைத்து அடைத்தார். கடைசியில் பாலத்தின் நடுவில், அவள் விழுந்த இடத்தில், ஈரச் சிமெண்டில் வெள்ளைக் கூழாங்கற்களை ஒவ்வொன்றாகப் பதித்து 'தொமாசா' என்று எழுதினார். பாதிரியார் வந்து தீர்த்தம் தெளித்தார். அன்றைக்கு மெலித்தோன் அழவில்லை. மகள் போனபின் அவர் கண் காய்ந்திருந்த முதல் நாள் அது.

தடுக்க வேண்டியவர்கள் நாங்கள்தானே என்று இன்றைக்குக் கேட்கலாம். யாருக்குத் தெரிந்தது? எங்கள் எல்லோருக்கும் அது நல்லதாகத்தான் பட்டது. சிமெண்ட் என்றால் உறுதி. சுண்ணாம்பு என்றால் ஏழை வீட்டுச் சமாச்சாரம். அப்படித்தான் ஊர் நினைத்தது.

முதல் இரண்டு மூன்று மழைக்காலம் ஒன்றும் தெரியவில்லை. பிறகு தளத்தில் மயிரிழை மயிரிழையாக விரிசல் கண்டது. பகல் வெயிலில் சிமெண்ட் ஒரு மாதிரி விரிகிறது, கீழே இருக்கும் கல் ஒரு மாதிரி விரிகிறது, விடியற்காலைக் குளிரில் இரண்டும் இரண்டு மாதிரி சுருங்குகின்றன. ஒத்துப்போகாத மாமியாரையும் மருமகளையும் ஒரே அறையில் பூட்டிவைத்ததுபோல்தான். மழைநீர் விரிசலில் இறங்கியது. இறங்கியது வெளியே வர வழியில்லை. வளைவின் அடியில் சுண்ணாம்பு கரைந்து வெள்ளைத் தாடிபோல் தொங்கத் தொடங்கியது. தெற்குச் சுவர் மெல்ல மெல்ல வயிறு தள்ளியது. கல்லைத் தொட்டால் வெங்காயத் தோலாக உரிந்து வந்தது.

பழைய பாலங்களைப் பார்க்கும் அலுவலகத்திலிருந்து ஹசிந்தா பௌகார் என்ற பெண் என்ஜினியர் வந்தாள். எங்கள் மலைக்காரி, எங்கள் மொழி பேசுவாள். பெரிய மனுஷர்களைத் 'தைத்தா' என்று முறையாக, அப்பா ஸ்தானத்தில் வைத்துத்தான் கூப்பிடுவாள். நாள் முழுக்கச் சுத்தியலால் கல்லைத் தட்டித் தட்டிக் காது வைத்துக் கேட்டாள். சாயங்காலம் மெலித்தோன் வீட்டுக்கே வந்துவிட்டாள். ஊர்த்தலைவர் நஸாரியோவும் கூட வந்தார். அவர் தொமாசாவின் ஞானத்தந்தை. அந்த உறவில் அவரும் மெலித்தோனும் ஒருவரையொருவர் 'கொம்பாத்ரே' என்றுதான் அழைப்பார்கள்.

"தைத்தா, கோவிச்சுக்காதீங்க" என்றாள் ஹசிந்தா. "பாலத்து வயிறு முழுக்கத் தண்ணி. விடிய விடிய உறையுது, உறைஞ்சா பெருக்குது, சுவரை வெளியே தள்ளுது. வெயில் வந்ததும் இளகி இன்னும் உள்ள போகுது. மறுபடி உறையுது. சிமெண்டை எடுத்துத் தூம்பைத் திறந்துவிட்டா கல்லு மூச்சு விடும். இல்லேன்னா இந்தக் குளிர்காலமே தாங்குமான்னு எனக்குப் பயமா இருக்கு."

"முன்னூறு வருஷம் நின்ன பாலம்மா."

"தூம்பு திறந்திருந்ததால நின்னுது, தைத்தா."

மெலித்தோன் முகம் இறுகிவிட்டது. "சிமெண்டை எடுத்தா தளம் பழையபடி வழுக்கும். இன்னொருத்தர் வீட்டுப் பிள்ளை விழும். அதுக்கு நீ பொறுப்பா? எம் மக பேரு அதுல இருக்கு. நான் சாகறவரைக்கும் யாரும் தொடக்கூடாது."

"கொம்பாத்ரே, எனக்கு மட்டும் அவ மக இல்லையா? நாந்தானே ஞானஸ்நானத்தப்ப கையில ஏந்தினேன்" என்றார் நஸாரியோ. "நீயும் சுன்யோ வத்தல் போடறவன்தானே. கிழங்கைப் பனியில உறைய விட்டு, வெயில் வந்ததும் எதுக்கு மிதிக்கிறோம்? தண்ணியை வெளியே எடுக்கத்தானே? எடுக்காம அப்படியே சாக்குல கட்டி வெச்சா என்ன ஆகும்?"

"அழுகும்."

"உன் பாலம் சாக்குல கட்டின கிழங்குய்யா!"

"கிழங்கும் கல்லும் ஒண்ணா?"

"பனிக்கு ரெண்டும் ஒண்ணுதான்."

"அப்ப போய்ப் பாலத்தையும் மிதிச்சுக் காயப்போடு, போ!"

ஊர்க்கூட்டத்திலும் அதே கதைதான். தான் பிடித்த முயலுக்கு மூன்றே கால் என்று நின்றார். கெஞ்சினார்கள், ஏசினார்கள், பாதிரியாரை விட்டுச் சொல்லிப் பார்த்தார்கள். வழக்கத்தை மீறி அவர் கை விழாமல் கடப்பாரை எடுக்க ஒருவருக்கும் துணிவில்லை. நஸாரியோ கோழையா என்றால் இல்லை. ஆனால் மகளை இழந்தவன் கொடுத்த காணிக்கையை அவன் கண்ணெதிரே எப்படி உடைப்பது? லாரியும் பேருந்தும் பாலத்தில் ஏறக்கூடாது என்று இரு முனையிலும் கல்லை உருட்டி வைத்தார்கள். ஆளும் கழுதையும் மட்டும் போய் வந்தன.

சாத்துர்னினாவைப் பற்றி இங்கே சொல்லியாக வேண்டும். சிமெண்ட் போட்ட நாள்முதல் அவள் பாலத்தின்மேல் நடந்ததே இல்லை. கீழே இறங்கி, வளைவின் அடியில் ஆழமில்லாத இடத்தில் பாவாடையைத் தூக்கிச் செருகிக்கொண்டு, பனித்தண்ணீரில் கால் வைத்து ஆற்றைக் கடப்பாள். மழைக்காலத்தில் ஆறு பெருகினால் அக்கரைக்கே போகமாட்டாள். எருதை விற்ற கோபம் என்றது ஊர். அன்று காலை தொமாசாவை அவசரப்படுத்தி அனுப்பியது மெலித்தோன்தான், அதை அவள் மன்னிக்கவில்லை என்றார்கள் வேறு சிலர். ஊர் வாயை மூட முடியுமா? மெலித்தோனும் அப்படித்தான் நினைத்துக்கொண்டார், கேட்கப் பயந்தார். ஒரே வீட்டில் ஒரே சட்டியில் சாப்பிட்டுக்கொண்டு, இந்த ஒன்றை மட்டும் இருவரும் பேசவில்லை.

ஜூன் வந்தது. கிழங்கு உறையப் போடும் நாட்கள். அந்த வருஷம் பனி பொல்லாத பனி. கோழித்தொட்டியில் தண்ணீர் அடிவரை உறைந்தது. விடியற்காலையில் பாலத்துக்குப் பக்கத்தில் நின்றால் உள்ளுக்குள் ஏதோ படீர் படீரென்று தெறிக்கும் சத்தம் கேட்கும். மெலித்தோன் அதைக் கேட்டார். கேட்காததுபோல் இருந்தார்.

அன்றைக்கு அவர் அக்கரையில் கிழங்கு பரப்பிக்கொண்டிருந்தார். வெயில் ஏறி வடக்கு முகத்தில் விழுந்தது. சாத்துர்னினா சாப்பாட்டு மூட்டையோடு வளைவின் அடியில் தண்ணீரில் இறங்கினாள். பனி பிடித்து வைத்திருந்த வளைவுக் கல் ஒன்றை வெயில் இளக்கி விட்டுவிட்டது. ஆட்டுத்தலை அளவு இருக்கும், அவள்மேல் விழுந்தது. மெலித்தோன் திரும்பிப் பார்த்தபோது தண்ணீரில் அவள் தொப்பி மட்டும் மிதந்து போனது.

எப்படி ஓடினார், எங்கே இறங்கினார் என்று அவருக்கே தெரியாது. தலைக்கு வந்தது தோளோடு போயிருந்தது. தோள்பட்டை எலும்பு நொறுங்கி, ஒரு கை தொங்க, அவள் பாறையில் சாய்ந்து உட்கார்ந்திருந்தாள். உதடு நீலம் பாரித்திருந்தது. மேலே வளைவிலிருந்து சிறு சில்லுகள் இன்னும் பொலபொலவென்று உதிர்ந்துகொண்டிருந்தன. அவளைத் தூக்கிக்கொண்டு கரையேறி, தன் கம்பளிப் போன்சோவைக் கழற்றிச் சுற்றினார்.

"ஏன்டி சாத்து, ஏன்டி? மேல பாலம் எதுக்கு இருக்கு? எருதை வித்தேன்னு இவ்வளவு கோவமா? பச்சைத்தண்ணியில இறங்கி இந்தச் சாவு சாகணுமா?"

"எருதா?" அவளுக்கு மூச்சு வாங்கியது. "எருதை யாரு நெனைச்சா? மேல வந்தா எம் மக பேரை மிதிச்சுக்கிட்டுல்ல வரணும்?"

மெலித்தோன் அவள் முகத்தையே பார்த்தார்.

"எல்லாரும் மிதிக்கிறாங்க. கழுதை மிதிக்குது, அது மேலயே சாணியும் போடுது. மிதிக்கட்டும். நான் மாட்டேன். பெத்தவ நான்."

"ஒரு வார்த்தை சொல்லியிருக்கலாமே, சாத்து. இத்தனை வருஷமா..."

"எப்படிச் சொல்றது? அன்னைக்குத்தான் நீ அழாம இருந்தே."

மெலித்தோன் அவள் மடியில் முகத்தைப் புதைத்துக்கொண்டு அழுதார். இந்தத் தடவை சத்தம் போட்டு அழுதார். அக்கரையில் கிழங்கு மிதித்துக்கொண்டிருந்தவர்கள் எல்லாம் ஓடி வந்தார்கள், வந்தவர்கள் தள்ளியே நின்றார்கள்.

சாத்துர்னினாவை ஆஸ்பத்திரிக்குக் கொண்டுபோய்க் கட்டுப்போட்டு அழைத்து வந்தார்கள். திரும்பி வந்ததும் மெலித்தோன் நேரே நஸாரியோ வீட்டுக்குப் போனார்.

"கொம்பாத்ரே, கடப்பாரை இருக்கா?"

நஸாரியோ கடப்பாரையை எடுத்துக் கொடுத்தார்.

ஹசிந்தாவுக்குத் தகவல் போனது. அவள் வந்து வளைவின் அடியில் மரச்சாரம் கட்டி முட்டுக்கொடுத்த பிறகுதான் உடைக்க விட்டாள். மெலித்தோன் பூமித்தாய்க்குக் கோக்கா இலை வைத்து, சோளக்கள் ஊற்றி, மன்னிப்புக் கேட்டார். முதலில் தூம்புகளிடம் போனார். தான் வைத்த சிமெண்ட் உருண்டையைத் தானே குத்தி எடுத்தார். உள்ளிருந்து கலங்கிய, நாற்றமடித்த, சுண்ணாம்பு கரைந்த தண்ணீர் பீறிட்டு அவர் நெஞ்சில் அடித்தது. பிற்பகல்வரை அது நிற்கவில்லை. ஊரே நின்று பார்த்தது, ஒருவரும் 'நாங்கள் அப்போதே சொன்னோமே' என்று சொல்லவில்லை. அந்த மட்டுக்கு எங்கள் ஊருக்கு மரியாதை தெரியும்.

பெயர் இருந்த இடத்தைக் கடைசியாக வைத்துக்கொண்டார். உளியால் சுற்றிலும் தட்டித் தட்டி, வெள்ளைக் கற்களை ஒவ்வொன்றாகப் பெயர்த்தார். சாத்துர்னினா பாலத்தின் ஓரம்வரை வந்து நின்றாள். முதல் எழுத்துப் போனதும் ஒரு அடி உள்ளே வந்தாள். கடைசி எழுத்துப் போனதும் நடந்து வந்து அவர் பக்கத்தில் மண்டியிட்டு, நல்ல கையால் சால்வையை விரித்து அவற்றை வாங்கிக் கட்டிக்கொண்டாள். அவற்றை என்ன செய்தாள் என்று யாரும் கேட்கவில்லை.

உறைபனிக்காலம் போனதும் சுண்ணாம்பு குழைத்துப் பழைய முறையிலேயே இணைப்புகளை நிரப்பினார்கள். வயிறு தள்ளிய சுவரைப் பிரித்து அடுக்கினார்கள். பாலம் காய அந்த வருஷமும் அடுத்த வருஷமும் ஆயின. மெலித்தோன் ஒரு நாள்கூட வேலைக்கு வராமல் இருந்ததில்லை. ஆனால் கூழாங்கல் தளம் மறுபடி வெளியே வந்துவிட்டது. மறு ஜூனில் விடியற்காலை பழைய கண்ணாடி அதன்மேல் படிந்தது. அவர் போய்ப் பார்த்துவிட்டு வந்து வாசலில் உட்கார்ந்துவிட்டார். உயர்த்திய கைப்பிடிச் சுவர் இருக்கிறதே என்றார்கள். அது அவர் காதில் ஏறவில்லை.

"உப்புப் போட்டா உருகுமா?" என்று ஹசிந்தாவைக் கேட்டார்.

"ஐயோ, உப்பு வேணாம் தைத்தா! உப்புக் கல்லுக்குள்ள போய்க் கல்லைத் தின்னுடும். மணல் போடுங்க."

போட்ட ஈரமணல் தானும் சேர்ந்து உறைந்துகொண்டது என்று மெலித்தோன் வாசலில் வந்து புலம்பினார். வீட்டுக்குள் அதைக் கேட்டுக்கொண்டிருந்த சாத்துர்னினா, சோளம் வறுக்கும் மண்சட்டியை அடுப்பில் ஏற்றி அதில் மணலைக் கொட்டினாள். சுடச்சுடத் தூவினால் பனியில் பொத்துப் பொத்து இறங்கிச் சொரசொரவென்று பிடித்துக்கொள்ளும். அன்றுமுதல் அதுதான் அவர்கள் வேலை. பால் கொண்டுபோகிறவர்கள் எழுவதற்கு முன்பே அவள் வறுப்பாள், அவர் தகரவாளியில் எடுத்துப் போய்த் தூவுவார். கொஞ்சநாள் ஊர் கேலி பேசியது. "மணல் வறுக்கிற வீடு, ஒரு பிடி எங்களுக்கும் கொடுங்க, காப்பிக்குத் தொட்டுக்கறோம்" என்பார்கள். பிறகு பழகிவிட்டது. மழை வந்தால் மணலை ஆறு கொண்டுபோகும், குளிர் வந்தால் மறுபடி வாளி. சாத்துர்னினா இறந்த வருஷத்திலும் மணல் நிற்கவில்லை. தானே வறுக்கக் கற்றுக்கொண்டார், கையைச் சுட்டுக்கொண்டார்.

இப்போது அவருக்கு முதுகு வளைந்துவிட்டது. பாதி வாளிதான் தூக்க முடிகிறது, இரண்டு நடை நடக்கிறார். தொமாசா என்று ஒருத்தி இருந்தது ஊரில் பாதிப் பேருக்குத் தெரியாது, அவரும் யாரிடமும் சொல்வதில்லை.

போன ஜூனில் நஸாரியோவின் பேத்தி ருஃபினா, பதினெட்டு வயதுக்காரி, பால்குடம் முதுகில் ஆட ஆட பாலத்தில் ஓடி வந்தாள். லாரி ஹாரன் அடித்துக்கொண்டிருந்தது. பாலத்தின் நடுவில் நின்றிருந்த மெலித்தோனைப் பார்த்ததும் ஒற்றைக்காலில் நின்று, மறு காலின் செருப்பைக் கழற்றி அவர் முன்னாலேயே உதறினாள்.

"பாருங்க தைத்தா, தினம் தினம் செருப்பு முழுக்க மணலு! காலெல்லாம் புண்ணு. நானும் சின்ன வயசுலேருந்து இந்தப் பாலத்துல ஓடறேன். ஒரு தடவைகூட வழுக்கினதே இல்லை. எதுக்குத்தான் இதைக் கொட்டுறீங்களோ!"

அவள் செருப்பை மாட்டிக்கொண்டு மறுபடி ஓடினாள். அக்கரை போய்ச் சேர்ந்து, குடத்தை லாரிக்காரனிடம் இறக்கிக் கொடுக்கும்வரை அவர் பார்த்துக்கொண்டே நின்றார். பிறகு குனிந்து வாளியில் மிச்சம் இருந்ததைக் கையால் வழித்து, அவள் திரும்பி வரும் வழியில் தூவினார்.